சிங்கர் கோபுரம், நியூயார்க்: 1908-இல் எழுந்து 1967-இல் இடிபடத் தொடங்கிய கட்டடத்தின் நிகழ்வு ஆய்வு

சிங்கர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காலால் மிதித்து ஓட்டும் கறுப்புத் தையல் மிஷின். பாட்டி வீட்டுத் திண்ணையிலோ, தெருமுனைத் தையல்கடையிலோ பார்த்திருப்போம். அந்த மிஷினை உலகம் முழுக்க விற்ற கம்பெனி, நியூயார்க்கில் பிராட்வேயும் லிபர்ட்டி தெருவும் சேரும் மூலையில் 612 அடி உயர அலுவலகக் கோபுரம் ஒன்றைக் கட்டியது. 1908-இல் திறந்தபோது மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் கட்டடங்களில் உலகிலேயே உயரமானது அதுதான். அறுபது ஆண்டு நிறைவதற்குள் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நெருப்போ நிலநடுக்கமோ அதற்குக் காரணமில்லை. கட்டடம் உறுதியாகவே நின்றது. பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டமும் அப்போது நகரத்தில் அமலில் இருந்தது. அப்படியும் ஏன் போனது என்பதைக் காலவரிசையில் எழுதிப் பார்க்கிறேன். கட்டடக் கலைஞர் ஒருவரைத் தவிர, முடிவெடுத்தவர்கள் யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை. அவர்கள் வகித்த பொறுப்பைச் சொன்னாலே நடந்தது புரியும்.

பின்னணி

சிங்கர் கம்பெனி 1851-இல் தொடங்கியது. 1856 வாக்கில் மிஷினைத் தவணையில் விற்க ஆரம்பித்தார்கள். மொத்த விலையைக் கையில் வைத்திருக்காத குடும்பமும் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்து மிஷினை எடுத்துப் போகலாம் என்ற ஏற்பாடுதான் கம்பெனியை நாடு நாடாகக் கொண்டு சேர்த்தது. நம் பக்கமும் வந்து சேர்ந்தது அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகச் சந்தையில் அதற்கு நிகரான தையல் மிஷின் கம்பெனி இல்லை.

1897-98-இல் பிராட்வே மூலையில் பத்து மாடியில் ஒரு தலைமையகம் கட்டினார்கள். வடிவமைத்தவர் எர்னஸ்ட் ஃபிளாக். பாரிஸின் எகோல் தெ போசார் கலைப்பள்ளியில் படித்தவர். வாஷிங்டனின் கார்கொரன் கலைக்கூடமும் அவர் வேலைதான். அடுத்த ஓரிரு ஆண்டில் லிபர்ட்டி தெருப் பக்கம் இன்னொரு கட்டடமும் சேர்ந்தது. அப்புறம் அதுவும் போதவில்லை. 1906-இல், இருக்கும் கட்டடங்களோடு சேர்த்து மிக உயரமான ஒரு கோபுரம் எழுப்புவதாகக் கம்பெனி அறிவித்தது.

இந்த இடத்தில் ஃபிளாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வானளாவிகளை எதிர்த்தவர். தெருவின் இரு பக்கமும் செங்குத்துச் சுவராகக் கட்டடங்கள் எழுந்தால் கீழே வெளிச்சம் வராது, காற்று வராது, தீ பிடித்தால் ஆபத்து என்று 1890-களிலேயே எழுதியவர். அப்படிப்பட்டவர் உலகின் உயரமான கட்டடத்துக்கு ஒப்புக்கொண்டதை முரண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வாதத்தைக் கல்லிலும் இரும்பிலும் காட்ட அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.

அவர் வாதம் இதுதான்: மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு உயரக் கூடாது. கீழ்ப்பகுதி அளவான உயரத்தோடு நின்றுவிட வேண்டும். மனையில் நாலில் ஒரு பங்குக்கு மிகாத இடத்தில் மட்டும் கோபுரம் எழலாம். அது எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகட்டும். அப்போது கோபுரத்தைச் சுற்றி வானம் மிஞ்சும், அக்கம்பக்கத்தாரின் வெளிச்சமும் பறிபோகாது. நாலு பக்கமும் கண்ணில் படும் என்பதால் நாலு பக்கத்தையும் அழகாக முடிக்க வேண்டிய கட்டாயமும் வரும்.

கட்டடம்

கோபுரம் 65 அடிக்கு 65 அடிச் சதுரம். 612 அடி உயரத்துக்கு அது மிக ஒல்லியான உடல். அத்தனை உயரத்தில் காற்று தள்ளும் விசைதான் பெரிய சவால். எடை கீழ்நோக்கி அழுத்தும். காற்றோ பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும். சாயும்போது ஒரு பக்கத் தூண்கள் மண்ணுக்குள் அழுந்தும், எதிர்ப்பக்கத் தூண்கள் பிடுங்கிக்கொண்டு எழப் பார்க்கும். அதனால் எஃகுச் சட்டத்தின் மூலைகளில் குறுக்கு இணைப்புகள் கொடுத்து, ஒவ்வொரு மூலையையும் தனி ஒரு குட்டிக் கோபுரம் போல் விறைப்பாக்கினார்கள். அடித்தளத்துக்குக் காற்றழுத்தப் பெட்டிகளை (தண்ணீர் புகாதபடி காற்றை அழுத்தி அடைத்து, உள்ளே ஆட்கள் நின்று தோண்டும் பெட்டிகள்) இறக்கி ஏறக்குறைய 90 அடி ஆழத்தில் பாறையைத் தொட்டார்கள். பிடுங்கும் விசை வரும் தூண்களை அந்த அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

இந்தப் பொறியியலே வெளி முகமாகவும் ஆனது. குறுக்கு இணைப்புகள் இருந்த மூலைகளில் சிறிய ஜன்னல்களோடு சிவப்புச் செங்கல் சுவர். இணைப்பு தேவைப்படாத நடுப்பகுதியில் மேலிருந்து கீழ்வரை கண்ணாடியும் உலோகமும். உச்சிக்கு அருகே அந்தக் கண்ணாடிப் பட்டை ஒரு பெரிய வளைவில் முடியும். அதற்கு மேல் பிரெஞ்சு பாணியில் உப்பிய கூரை, கூரை மேல் விளக்குக்கூடு. இரவில் கோபுரத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்சினார்கள், வெகுதூரத்திலிருந்தும் தெரிந்தது.

கீழே முகப்புக் கூடம் இன்னும் விசேஷம். பளிங்குத் தூண்கள் வரிசையாக எழுந்து சிறுசிறு குவிமாடங்களைத் தாங்கின. தூண்களின் ஓரங்களில் வெண்கல மணிக்கோவை. தூண்களின் மேல்பகுதியில் வெண்கலப் பதக்கங்கள். ஒன்றில் கம்பெனியின் எழுத்து முத்திரை, அடுத்ததில் ஊசியும் நூலும் பாபினும். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தங்கள் வாசலில் சிங்கத்தையும் கிரேக்கத் தேவதையையும் வைத்த காலத்தில், இந்தக் கம்பெனி தான் எதில் பிழைக்கிறதோ அதையே வைத்தது. படங்களில் அந்தப் பதக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் தவணை கட்டிய எத்தனையோ தையல்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

1908 மே மாதம் கோபுரம் திறந்தது. அதுவரை உயரத்தில் முதலிடம் பிலடெல்ஃபியா நகர மன்றத்துக்கு இருந்தது, 548 அடி. ஈஃபில் கோபுரம் இதைவிட உயரம்தான், ஆனால் அது அலுவலகம் அல்ல. சிங்கரின் பட்டம் ஓராண்டுதான் நீடித்தது. 1909-இல் மெட்ரோபாலிட்டன் லைஃப் கோபுரம் 700 அடிக்கு எழுந்தது. 1913-இல் உல்வொர்த் கட்டடம் 792 அடிக்குப் போனது.

முதலில் கவனிக்க வேண்டியது: பக்கத்துக் கட்டடம்

அதே 1908-இல், அதே தெருத்தொகுதியில் சிங்கரை ஒட்டி சிட்டி இன்வெஸ்டிங் கட்டடம் எழுந்தது. அது ஃபிளாக்கின் வழியில் போகவில்லை. மனையை அடைத்துக்கொண்டு பெரும் பருமனாக, 33 மாடி. ஒருவர் தன் இடத்தில் வானத்தை விட்டுவைத்தால் அடுத்தவர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது கோபுரம் திறந்த ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. நல்ல முன்மாதிரி மட்டும் போதாது, விதி வேண்டும்.

அந்த விதி 1916-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பிராட்வேயில் எக்விட்டபிள் கட்டடம் முடிந்திருந்தது: ஒரு ஏக்கருக்கும் குறைவான மனையில் 12 லட்சம் சதுர அடி, தெரு ஓரத்திலிருந்து நேராக மேலே. பக்கத்துக் கட்டடங்கள் நிழலில் மூழ்கின. அதனால்தான் சட்டம் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் நகரம் அமைத்த குழு 1913-லேயே கட்டட உயரங்களைப் பற்றி அறிக்கை கொடுத்துவிட்டது. எக்விட்டபிள் அந்த வாதத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்தது, அவ்வளவுதான்.

1916 ஜூலை 25-இல் நிறைவேறிய மண்டலச் சட்டம், தெருவின் அகலத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்றது. நம் ஊரில் செட்பேக் என்று சொல்கிறோமே, அதையே தரையில் மட்டுமின்றி மேலே போகப் போகவும் கேட்டது. கூடவே ஒரு விதி: மனையில் 25 சதவீதத்துக்குள் அடங்கும் கோபுரம் எவ்வளவு உயரமும் போகலாம். ஃபிளாக் வாதாடிய அதே நாலில் ஒரு பங்கு. கிரைஸ்லர், எம்பயர் ஸ்டேட் இரண்டும் அந்த விதியின் கீழ் எழுந்தவை. நியூயார்க்கின் உருவத்தையே மாற்றிய ஒரு யோசனைக்கு முதல் சாட்சியாக நின்றது சிங்கர் கோபுரம். ஐம்பது ஆண்டு கழித்து அதன் தலைவிதியை முடிவு செய்த காலத்தில் இந்த வரலாறு ஏன் பெரிதாக எழவில்லை என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது.

ஐம்பது ஆண்டில் மாறியது என்ன

கட்டடம் மாறவில்லை. அலுவலகம் என்றால் என்ன என்பது மாறியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்; நடந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது.

1908-இல் அலுவலக அறைக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். அன்றைய மின்விளக்கு மங்கல், சூடும் அதிகம். காற்றுக்கும் ஜன்னலைத் திறந்தாக வேண்டும். அதனால் ஜன்னலிலிருந்து இருபத்தைந்து முப்பது அடிக்கு அப்பால் உள்ள இடத்துக்கு வாடகை கிடைக்காது; அது சாமான் போடும் இடம். இந்தக் கணக்கில் 65 அடிச் சதுரம் மிகப் பொருத்தமான அளவு. நடுவில் லிஃப்டும் படிக்கட்டும். சுற்றிலும் உள்ள எந்த மேசையும் ஜன்னலுக்கு அருகில். நாலு பக்கமும் வானம். வக்கீலுக்கோ தரகருக்கோ இரண்டு மூன்று அறை போதும் என்ற காலத்தில் அது உயர்ந்த இடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குழல்விளக்கும் ஏர்கண்டிஷனரும் அலுவலகங்களில் பரவின. ஜன்னலிலிருந்து அறுபது அடி உள்ளே உட்கார்ந்தும் வேலை செய்யலாம் என்றானது. பெரிய கம்பெனிகள் ஒரு துறையையே ஒரே தளத்தில் உட்கார வைக்க விரும்பின. அப்படிப்பட்டவர்களிடம் 65 அடிச் சதுரத்தைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? மொத்தமே 4,225 சதுர அடி. அதில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, தூண், சுவர் போக மிஞ்சுவதுதான் வாடகைக்கு. நூறு பேர் துறைக்குப் பல மாடி தேவைப்படும். ஒரு கோப்பை நகர்த்தவும் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். தளம் சிறியதோ பெரியதோ லிஃப்டுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு பெரிதாகக் குறையாது. ஆகவே சதுர அடிக்கு விழும் செலவு சிறிய தளத்தில்தான் அதிகம்.

எந்த ஒல்லியான உடல் பக்கத்துத் தெருவுக்கு வெளிச்சம் விட்டதோ, அதுவே இப்போது குறையாகிவிட்டது.

1961-இல் நகரம் 1916-இன் சட்டத்தையும் மாற்றியது. படிப்படியாக உள்வாங்கும் விதிக்குப் பதிலாக, மனைப் பரப்புக்கு இத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற கணக்கு வந்தது. நம் ஊரின் எஃப்.எஸ்.ஐ. போன்றது. தரையில் பொதுமக்களுக்குத் திறந்த வெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு கிடைக்கும் என்ற சலுகையும் சேர்ந்தது. பழைய மனைகளை ஒன்றாக்கி, நடுவில் பெரிய பெட்டி போல் ஒரே கட்டடம், பக்கத்தில் திறந்த வெளி என்பது லாபகரமான வடிவமாயிற்று. கீழ் மன்ஹாட்டனில், புதிய சட்டத்துக்கு முன்பே கட்டத் தொடங்கி 1961-இல் முடிந்த 60 மாடி சேஸ் மன்ஹாட்டன் பிளாசாவும் இதே வடிவம்தான். சற்றுத் தள்ளி உலக வர்த்தக மையத்துக்கு 1966-இல் பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தில் நிலத்தின் கணக்கே வேறாகிவிட்டது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு சொந்தக்காரருடையது. 1961-இல் சிங்கர் கம்பெனி கட்டடத்தை விற்று, தலைமையகத்தை ராக்ஃபெல்லர் சென்டருக்கு மாற்ற முடிவு செய்தது. கம்பெனியின் பார்வையில் இதில் தவறு காண முடியாது. இடம் போதவில்லை, போனார்கள். கட்டடத்தின் மேல் பெயர் சார்ந்த பற்று வைத்திருந்த ஒரே தரப்பு அதோடு விலகியது என்பதுதான் விளைவு. அதற்குப் பின் அது ஒரு மனை மட்டுமே.

அடுத்து ஒரு பெரிய நில வணிகர் கைக்கு வந்தது. அந்தத் தொகுதியில் நியூயார்க் பங்குச் சந்தையைக் கொண்டுவர அவர் முயன்றார், நடக்கவில்லை. 1964-இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் சிங்கர், சிட்டி இன்வெஸ்டிங் இரண்டையும் சேர்த்து வாங்கியது. நோக்கம் தெளிவானது: இரண்டையும் அகற்றிவிட்டு, எஃகின் பெருமையைக் காட்டும் புதிய கோபுரம்.

இதே ஆண்டுகளில் நகரம் வேறொரு பாடம் படித்துக்கொண்டிருந்தது. 1910-இல் நியூயார்க்கில் கட்டிய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். எழுந்த ஆத்திரம் 1965 ஏப்ரலில் பாதுகாப்புச் சட்டமாக முடிந்தது. முக்கியமான கட்டடங்களைப் பட்டியலிட ஓர் ஆணையம் அமைந்தது. யு.எஸ். ஸ்டீல் வாங்கிய மறு ஆண்டே சட்டம் வந்துவிட்டது. இடிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. காலம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆணையம் சிங்கரைப் பட்டியலிடவில்லை. ஏன் என்பதற்கு அப்போது ஆணையத்தின் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரி பத்திரிகைக்குச் சொன்ன பதிலின் சாரம் இது: இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தால் நாங்களே வாங்க ஆள் தேட வேண்டும், அல்லது நகரமே வாங்க வேண்டும். நகரத்திடம் அவ்வளவு பணமில்லை. வானளாவிக்குத் தரகு பார்க்க எங்களிடம் ஆட்களும் இல்லை.

இந்தப் பதிலைப் படித்தால் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அன்றைய சட்டத்தை எடுத்துப் பார்த்தால் அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது தெரியும். பட்டியலிட்ட கட்டடத்திலிருந்து நியாயமான வருமானம் வரவில்லை என்று சொந்தக்காரர் நிரூபித்தால், வழி காட்டும் பொறுப்பு நகரத்தின் தலையில் விழும். குறித்த காலத்துக்குள் வழி கிடைக்காவிட்டால் இடிக்கலாம். மாடிசன் சதுக்கத்தில் இருந்த ஜெரோம் மாளிகைக்கு அப்படித்தான் ஆனது: 1965-இல் பட்டியலில் சேர்த்தார்கள், வாங்க ஆளில்லை, 1967-இல் இடித்தார்கள். ஒரு மாளிகைக்கே இந்தக் கதி என்றால் 612 அடிக் கோபுரத்தை எப்படித் தாங்குவது என்று ஆணையம் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

வேறு இரண்டு ஓட்டைகளும் இருந்தன. ஆணையம் எப்போதும் பட்டியலிட முடியாது. தொடக்கத்தில் பதினெட்டு மாதம், அப்புறம் மூன்று ஆண்டு இடைவெளி விட்டு ஆறு மாதம் என்றுதான் அனுமதி. இன்னொன்று, சட்டம் வெளிப்புறத்தை மட்டுமே காத்தது. கட்டடத்துக்குள் இருந்த பளிங்குக் கூடத்தைப் பற்றி ஆணையம் பேசவே சட்டத்தில் இடமில்லை.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஃபிளாடயர்ன் கட்டடத்தை 1966-இல் இதே ஆணையம் பட்டியலிட்டது. 1967 ஆகஸ்டில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் சேர்த்தது. அதன் சொந்தக்காரர் சிறிய ஆளில்லை, ரயில்வே கம்பெனி. துணிய வேண்டிய இடத்தில் ஆணையம் துணிந்திருக்கிறது. சிங்கருக்காக அது துணியவில்லை. ரயில் நிலையத்தில் தினமும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். காலியாகிக்கொண்டிருந்த அலுவலகக் கோபுரத்துக்காகத் தெருவுக்கு வர அவ்வளவு பேர் இல்லை என்பதே முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இடிப்பு

1967-இல் வேலை தொடங்கியது. நெருக்கமான தெருக்களுக்கு நடுவே என்பதால் உச்சியிலிருந்து தளம் தளமாகக் கழற்றிக்கொண்டே இறங்கினார்கள். மத்திய அரசின் கட்டட ஆவணத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அந்த ஆண்டே வந்து படமெடுத்து வைத்தார்கள். கூடத்தின் குவிமாடங்களையும் ஊசி-நூல் பதக்கங்களையும் இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட படங்கள் வழியாகத்தான்.

சொந்தக்காரரே விரும்பி இடித்த கட்டடங்களில் உலகிலேயே உயரமானது என்ற பெயர் சிங்கருக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது ஆண்டு அது யாருக்கும் மாறவில்லை. 2019-இல் பார்க் அவென்யூவில் 707 அடி யூனியன் கார்பைடு கட்டடத்தைக் கழற்றத் தொடங்கிய பிறகுதான் மாறியது.

அதன்பின்

அந்த இடத்தில் இப்போது நிற்பது ஒன் லிபர்ட்டி பிளாசா. 1970-களின் தொடக்கத்தில் முடிந்தது. 54 மாடி, 743 அடி. கறுப்பு எஃகு விட்டங்கள் வெளியே தெரியும்படி அடுக்கிய முகம். ஒரு தளம் சுமார் 37,000 சதுர அடி. சிங்கர் கோபுரத் தளத்தைப் போல ஒன்பது மடங்குக்கு அருகில். கேட்டது கிடைத்தது. கட்டடத்தையும் குறை சொல்ல மாட்டேன், எஃகை நேர்மையாகக் காட்டுகிறது. கூடுதல் தளப்பரப்புக்கு ஈடாக, லிபர்ட்டி தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு திறந்த வெளியை விட்டார்கள். அது பின்னால் சக்கோட்டி பூங்கா என்று பெயர் மாறி, 2011-இல் வால் ஸ்ட்ரீட் எதிர்ப்புப் போராட்டம் கூடிய இடமாயிற்று.

சட்டத்தின் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1968-இல், பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் மேல் பயன்படாமல் இருக்கும் தளப்பரப்பு உரிமையை அக்கம்பக்க மனைகளுக்கு விற்க வழி விரிந்தது. 1973-இல் காலக்கெடு இடைவெளி நீங்கியது. பொதுமக்கள் புழங்கும் உட்புறங்களையும் பட்டியலிடலாம் என்றானது. 1978-இல், கிராண்ட் சென்ட்ரலின் சொந்தக்காரர் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சிங்கரின் முகப்புக் கூடத்துக்கு 1973-இன் அந்த ஒரு திருத்தம் ஆறு ஆண்டு தாமதம்.

கீழ் மன்ஹாட்டனும் மறுபடி மாறியது. 1990-களில் பழைய அலுவலகக் கட்டடங்கள் காலியாகின. அவற்றை வீடுகளாக மாற்றினால் வரிச்சலுகை என்று 1995-இல் நகரம் அறிவித்தது. வீடாக மாற்ற எந்தக் கட்டடம் வசதி? படுக்கையறைக்கு ஜன்னல் வேண்டும். ஆழமான பெரிய தளத்தின் நடுப்பகுதி வீட்டுக்கு உதவாது. சிறிய தளம், நாலு பக்கமும் ஜன்னல், உயரம், காட்சி உள்ள கட்டடங்களுக்குத்தான் கிராக்கி. உல்வொர்த்தின் மேல் மாடிகள் அப்படி வீடுகளாயின. 65 அடிச் சதுரம் மறுபடி அருமையான அளவாயிற்று. இடித்தபோது நஷ்டம் என்று சொன்ன வடிவம், முப்பது ஆண்டில் தேடப்படும் வடிவமானது.

மறுபடி இப்படி ஒன்று வந்தால் எதை மாற்றுவேன்

கடிகாரத்தை 1965-இல் தொடங்க மாட்டேன், 1961-இல் தொடங்குவேன். பெரிய கட்டடத்தின் ஆபத்து இடிப்பு உத்தரவோடு வருவதில்லை. அதைக் கட்டியவர் காலி செய்ய முடிவெடுக்கும் நாளில் வருகிறது. அன்றே அடுத்த உபயோகத்தைத் தேடியிருந்தால், ஒரு நில வணிகர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்கு இடையில் ஒரு நாற்காலி நகரத்துக்கும் இருந்திருக்கும்.

‘யார் வாங்குவார்கள்’ என்று ஆணையம் கேட்டது சரி. பதில் கிடைக்காத கேள்வி என்று அதிலேயே நின்றதுதான் சரியில்லை. பட்டியலிட்டிருந்தால் இடிப்பு உடனே நின்றிருக்கும். வருமானமில்லை என்று நிரூபிக்கும் சுமை சொந்தக்காரர் மேல் போயிருக்கும். கடைசியில் தோற்றிருக்கவும் கூடும். ஆனால் அந்த மாதங்களில் கூடத்தையாவது புதிய கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளப் பேசியிருக்கலாம். கூடுதல் தளப்பரப்புக்கு ஈடாக யு.எஸ். ஸ்டீலிடம் திறந்த வெளி கேட்ட நகரம், அதே பேரத்தில் பளிங்குக் கூடத்தையும் கேட்டிருக்கலாம். கையில் கொடுக்க ஏதோ இருந்த நேரம் அதுதான்.

பொருளாதாரக் கணக்கைப் பற்றியும் ஒன்று. 1960-களின் வாடகைக் கணக்கு பொய்யில்லை. அது அந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளின் கணக்கு, அவ்வளவே. எஃகுச் சட்டமும் பாறை வரை போன அடித்தளமும் உள்ள கட்டடத்தின் ஆயுளோடு அதை வைத்துப் பார்த்தவர் அன்று மேசையில் இல்லை. அப்படிப்பட்ட முடிவுகளில் இன்றைய வாடகைக்குப் பக்கத்தில் கட்டடம் வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்ற தாளும் ஒன்று இருக்க வேண்டும் என்பேன்.

ஃபிளாக் சிங்கருக்காகக் கட்டிய இன்னொரு கட்டடம் அதே பிராட்வேயில், வடக்கே 561-ஆம் எண்ணில் இருக்கிறது. 1904-இல் முடிந்தது; பன்னிரண்டு மாடி. பச்சை வண்ண இரும்பு வளைவுகள், சுடுமண் ஓடு, நடுவில் அகன்ற கண்ணாடி. கோபுரத்தின் முகத்தில் பிறகு செய்ததை அவர் முதலில் முயன்று பார்த்தது இங்கேதான் என்று தோன்றும். சின்ன சிங்கர் என்று அழைக்கிறார்கள். 1973-இல் அந்த வட்டாரம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியானபோது இதுவும் அதற்குள் வந்துவிட்டது. இன்றும் நிற்கிறது.